எதுக்கு அம்மிணி?

போன ஆடி மாதம் ஒரு கீபோர்டு வாங்கினேன். 61 கட்டைகள் கொண்டது. பியானோ பழக ஆரம்பிப்பவர்களுக்கு அது போதும் என்றார்கள். எனக்கு வயது 46. அதுவரை ஒரு ஹார்மோனியத்தைக்கூடத் தொட்டதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. பெட்டியைப் பிரித்து அதைக் கூடத்தில் வைத்ததும் அத்தை கேட்டார்: "இது எதுக்கு அம்மிணி?"

கல்லூரியில் ஒரு சக ஆசிரியர், "கச்சேரி பண்ணப் போறீங்களா மேடம்?" என்றார். மகள், "யூட்யூப்ல போடப்போறியாம்மா?" என்றாள். வார்த்தை வேறு, கேள்வி ஒன்றுதான். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன்: "மூளைக்கு நல்லதாம். வயசானா மறதி வராதாம்." எல்லோருக்கும் திருப்தி. எனக்குத்தான் நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. நான் மறதிக்குப் பயந்து அதை வாங்கவில்லை. ஒரு பாட்டை வாசிக்க ஆசைப்பட்டு வாங்கினேன். பிறகு ஏன் மருந்து வாங்கியதுபோல் சொன்னேன்?

அந்தப் பாட்டு 'செந்தூரப்பூவே'. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்காக இளையராஜா இசையமைத்து, கங்கை அமரன் எழுதி, எஸ். ஜானகி பாடியது. ஜானகிக்குத் தேசிய விருதைத் தேடித்தந்த பாட்டு. எனக்கு அது அம்மாவின் பாட்டு. அம்மா நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுப் போட்டு விரல்கள் வீட்டிலும் சும்மா இருக்காது. மாவாட்டும்போதும் துணி அலசும்போதும் இந்தப் பாட்டை முணுமுணுப்பாள். வேலை இல்லாமல் உட்கார்ந்து அவள் பாடி நான் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பாட்டு எப்போதும் வேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வகுப்பில் அகநானூற்றின் 102ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் அம்மா நினைவுக்கு வருவாள். தினைப்புனம். கானவன் கள்ளுண்ட மகிழ்ச்சியில் இருக்கிறான். கொடிச்சி கூந்தலைக் கோதியபடி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். விளைந்த கதிரைத் தின்ன வந்த யானை, தின்னவும் இல்லை, போகவும் இல்லை; நின்ற இடத்திலேயே உறங்கிவிடுகிறது. இருபது ஆண்டுகளாக இதை இசையின் ஆற்றல் என்றே மாணவிகளுக்குச் சொல்லி வந்தேன். கீபோர்டு வந்தபின் வேறொன்று கண்ணில் பட்டது. கூந்தலைக் கோதிக்கொண்டு ஒருத்தி தனக்காகப் பாடுகிறாள். நாமோ தினை காப்பாற்றப்பட்டதைச் சொல்லித்தான் அவள் பாட்டை மெச்சுகிறோம். யானை வராத இரவுகளிலும் அவள் பாடியிருப்பாளே, அந்தப் பாட்டு எதற்கு என்று யாரிடம் சொல்வாள்?

பெண்ணின் நேரம் ஏதாவது ஒன்றாக மாறியாக வேண்டும்: சோறாக, சம்பளமாக, பிள்ளையின் மதிப்பெண்ணாக. அப்படி மாறாவிட்டால் நகையாகவாவது வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு பாடுமா?" என்று கேட்டது அந்தக் கணக்கில்தான். ஐரோப்பாவிலும் இதே கதை. ஃபேனி மெண்டல்சன் பதினைந்து வயதுக்குள்ளேயே தேர்ந்த பியானோ கலைஞர். 1820இல் அவருடைய அப்பா எழுதிய கடிதத்தின் சாரம் இது: இசை தம்பி ஃபீலிக்ஸுக்குத் தொழிலாகலாம், உனக்கு ஆபரணம் மட்டுமே. ஃபேனியின் ஆறு பாடல்கள் தம்பியின் பெயரிலேயே அச்சாகின. 1842இல் விக்டோரியா மகாராணி ஃபீலிக்ஸின் முன்னால் ஆசையாக ஒரு பாட்டைப் பாடிக் காட்டியபோது, அது அக்கா எழுதியது என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தன் பெயரில் ஃபேனி தொகுப்புகள் வெளியிடத் தொடங்கியது 1846இல். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

நம் பக்கத்தில் இசையைத் தொழிலாகக் கொண்ட பெண்களுக்கு வேறு தண்டனை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொந்தப் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. தனியாகப் பெண்களைத் திரட்டித்தான் பாட வேண்டியிருந்தது. குடும்பப் பெண்ணுக்கு இசை நகை, தேவதாசி மரபில் வந்தவளுக்கு இசை பழி. இரண்டிலும் இல்லாத ஓர் இடம், வெறுமனே பிடித்ததால் வாசிக்கும் இடம், யாருக்கும் தரப்படவில்லை.

எனக்குச் சொல்லித்தருபவள் என்னிடம் இளங்கலையில் தமிழ் படித்தவள். சனிக்கிழமைகளில் துடியலூரில் அவள் வீட்டு மாடியில் வகுப்பு. கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து என்று விரல்களுக்கு எண் போட்டுத் தந்தாள். எனக்கு நான்காம் விரல் தனியாக எழவே எழாது. மூன்றாம் விரலையும் இழுத்துக்கொண்டு வரும். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை ஒரே கையில் பிடிக்க வேண்டும் என்றாள். எட்டவில்லை. இரண்டு வாரம் அதை என் குறை என்றே நினைத்திருந்தேன். பியானோவில் அந்த அகலம் ஏறக்குறைய 165 மில்லிமீட்டர் என்றும், அது பெரிய கைகளுக்குத் தோதான அளவு என்றும், சிறிய கைகளுக்காகக் குறுகிய கட்டைகள் கொண்ட பியானோக்களைச் சிலர் செய்கிறார்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. பெண்களின் சராசரிக் கை சிறியது. கருவி நம் அளவுக்கு இல்லாதபோதும் குற்றத்தைக் கையின்மேல் போட்டுக்கொள்ள எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறோம்!

கமகம் இன்னொரு சிக்கல். ஜானகியின் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். கட்டையில் அந்த வழுக்கல் இல்லை. இந்தப் படி, அடுத்த படி, அவ்வளவுதான். என் 'செந்தூரப்பூவே' நொண்டி நொண்டித்தான் நடக்கிறது. தப்பு வந்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். "தப்பா வாசிங்க மேடம், ஆனா நிறுத்தாம வாசிங்க" என்றாள் அவள். என் வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்காத மாணவிகளை நினைத்துக்கொண்டேன். தப்பாகச் செய்ய நமக்கு அனுமதி இல்லை. அதனால் நன்றாக வரும் என்று தெரிந்ததை மட்டுமே தொடுகிறோம். மற்றதெல்லாம் தொடாமலே போகிறது.

இதுவரை எழுதியது எனக்குச் சாதகமான கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு. நான் மாலை ஆறரை முதல் ஏழு வரை வாசிப்பேன். ஒருநாள் பாட்டின் நடுவே அடுப்படியிலிருந்து டக் டக் என்று சத்தம். எழுபத்திரண்டு வயது அத்தை அரசாணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்நேரம் செய்ய வேண்டிய வேலை அவர் கைக்குப் போயிருந்தது. என் கணவர் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதுக்கு என்று இதுநாள்வரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் விடுதலை இன்னொரு பெண்ணின் கையிலிருந்து எடுக்கப்பட்ட அரைமணி நேரம் என்றால், அதற்குப் பெயர் விடுதலையா?

அன்றிரவு வீட்டில் சண்டை. அது இரண்டு நாள் நீண்டது. கடைசியில், வாரத்தில் மூன்று நாள் இரவுச் சமையல் அவருடையது என்று முடிவாயிற்று. அவருடைய அரிசிம்பருப்பு சாதம் முதல் வாரம் குழைந்து கூழானது. "தப்பா செய்ங்க, நிறுத்தாம செய்ங்க" என்றேன். இப்போது பரவாயில்லை.

அந்த மூன்று நாளும் அத்தை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். ஏழு, சில நாள் ஏழேகால் ஆகிவிடும் திரும்ப. கோயிலா, பழைய சிநேகிதி வீடா, சும்மா ரோட்டோரம் நின்று பஸ் போவதைப் பார்க்கிறாரா, தெரியாது. போன வாரம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எங்க போய்ட்டு வர்றீங்க அத்தை?" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசித்தேன். நான்காம் விரல் எழவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.