தீவகத்து நோயாளியும் கருணைக்கொலைச் சட்டமும்

மனிதனுக்கு வாழும் உரிமை உண்டு என்பதை நாகரிக உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயின், தீராத நோயினால் வருந்தும் ஒருவர் தமது சாவைக் கேட்டுப் பெறும் உரிமையும் உடையவரா என்ற வினாவுக்கு இன்னும் ஒருமித்த விடை காணப்படவில்லை. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலும் கனடா 2016இலும் சில நிபந்தனைகளுடன் இவ்வுரிமையைச் சட்டமாக்கின. இலங்கையின் நிலை வேறு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், தற்கொலைக்கு முயல்வோரைத் தண்டிக்கும் பிரிவு 1998இல் நீக்கப்பட்டதாயினும், தற்கொலைக்கு உடந்தையாயிருத்தல் இன்றும் பாரதூரமான குற்றமே. இச்சட்டம் மாறவேண்டுமா என்பதை யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து ஆராய்வது பொருத்தமுடையது.

சட்டமாக்கலை வேண்டுவோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உடல் நோயாளியினுடையது, வேதனையும் அவருடையதே. தெளிந்த அறிவுடன் அவர் எடுக்கும் முடிவைத் தடுக்க அரசுக்கோ சமயத்துக்கோ என்ன உரிமை உண்டு என அவர்கள் வினவுகின்றனர். வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனைப் போற்றிய சமுதாயம் சாவைத் தேர்ந்தவரை இகழவில்லை என்றும் கூறலாம். ஆனால், சோழன் நோயினால் நலிந்தவனல்லன். பிறர் கைகளில் தங்கியிருந்தவனுமல்லன். அவனது தேர்வை நோயாளியின் தேர்வுக்கு அளவுகோலாகக் கொள்ளல் இயலாது.

நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே அமைந்துள்ள நயினாதீவு இவ்விடத்தில் பிறிதொரு சிந்தனையைத் தருகின்றது. பௌத்த விநயபிடகத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நோயுற்ற துறவி ஒருவரிடம் ஏனைய துறவிகள் கருணையினால் சாவின் சிறப்பை எடுத்துரைத்தனர், அவர் இறந்தார். அவ்வாறு செய்தோர் சங்கத்தில் இருக்கும் தகுதியை இழந்தனர் என்பதே தீர்ப்பு. எண்ணம் கருணையாயினும், நலிந்தவரிடம் ‘சாவே நன்று’ எனக் கூறுவது அவரைச் சாவை நோக்கித் தள்ளுவதாகும் என்பதே இதன் உட்பொருள். இதே சொல்லை ஒரு சட்டம் கூறுமாயின் அதன் வலிமை எத்தகையதாயிருக்கும்?

நெடுந்தீவில் வாழும் முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் ஏற்படுகின்றது எனக் கொள்வோம். அவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் பயணஞ்செய்து குறிகட்டுவானை அடைந்து, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, யாழ்ப்பாணம் வழியாகத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் படகுச் சேவையே தடைப்படும். பிள்ளைகள் கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பர். அயலவரே கைத்தாங்கலாகப் படகேற்றுவர். இந்நிலையில் அவர் ‘இனிப் போதும்’ என்கிறார். அச்சொல்லில் வேதனையும் உண்டு, பிறருக்குச் சுமையாகிவிட்டோமே என்ற கூச்சமும் உண்டு, தனிமையும் உண்டு. இவற்றைத் தணிக்க முயலாது, அவர் சாவையே விரும்புகின்றார் என முடிவுசெய்தல் நேர்மையாகாது. நோவுக்கும் சாவுக்கும் இடையே மட்டும் தேர்வு வழங்கப்படுமிடத்து, அதனைச் சுதந்திரமான தேர்வு என்பதற்கில்லை.

சுமையென்ற எண்ணம் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்குத் தமிழகமே சான்று. விருதுநகர் மாவட்டப் பகுதிகளில் முதியோரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் பருகக்கொடுத்து உயிர்நீங்கச் செய்யும் ‘தலைக்கூத்தல்’ வழக்கம் 2010இல் பத்திரிகைகளில் வெளிப்பட்டது. சட்டம் தடுக்கும்போதே வறுமையும் இயலாமையும் இதனைக் கருணையென்று பெயரிட்டன. சட்டம் அனுமதிக்குமாயின் முதியவரின் சம்மதத்தை எவர் பகுத்தறிவர்?

எனினும், எல்லா வேதனையும் மருந்துக்கு அடங்கும் எனக் கூறுவதும் உண்மையாகாது. நோயாளி விரும்பாத சிகிச்சையை அவர்மீது திணித்து உயிரை நீட்டுவதும் கொடுமையே. 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை உணர்விழந்த நிலையில் மும்பை வைத்தியசாலையிற் கிடந்த தாதி அருணா ஷான்பாக் தொடர்பான வழக்கில், 2011இல் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. ஊசியேற்றிச் சாவை வரவழைத்தல் வேறு. செயற்கையாக உயிரை நீட்டும் சிகிச்சையை நிறுத்துதல் வேறு. பின்னதைக் கடும் நிபந்தனைகளுடன் அனுமதித்த அந்நீதிமன்றம், 2018இல் நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பத்தையும் ஏற்றது. இரண்டிலும் முடிவு ஒன்றுதானே எனச் சிலர் மறுப்பர். ஆயின், ஒன்றில் மனிதன் கொல்கின்றான். மற்றதில் நோயின் போக்குக்கு மனிதன் வழிவிடுகின்றான். அருணாவை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரித்த தாதியர் அவரது சாவை வேண்டவில்லை என்பதும் கருதத்தக்கது.

கேரளம் பிறிதொரு வழியைக் காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிக்கும் பராமரிப்பு இயக்கம், வைத்தியருடன் அயலாரையும் தொண்டர்களாக்கி நோயாளியின் வீட்டுக்கே மருந்தையும் துணையையும் கொண்டுசென்றது. அயலவரே படகேற்றும் தீவகத்துக்கு இம்முறை அந்நியமானதன்று.

ஆகவே, வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமையை இலங்கைச் சட்டம் ஐயத்துக்கிடமின்றி வகுத்துரைத்தல் வேண்டும். சாவை வழங்கும் அதிகாரத்தை அது இன்று எவருக்கும் அளித்தலாகாது. நோவை அடக்கும் மோர்பினும், அருகிருக்கும் ஒரு கையும் கடல் கடந்து நெடுந்தீவின் கடைசி வீடுவரை சென்ற பின்னரும் ஒருவர் சாவை வேண்டுவாராயின், அவ்வேண்டுகோளை அப்போது சமுதாயம் மீண்டும் செவிமடுக்கக் கடமைப்பட்டதாகும். அதுவரை அவருக்கு முதலில் கடமைப்பட்டது சாவன்று, அம்மருந்தும் அக்கையுமே.