கல்விக் கடனும் கையிலிருக்கும் வாக்கும்

  

 பின் ஸஃப்புகளில் அமர்ந்திருக்கும் என் இளைஞர்களே!

சென்ற வாரம் அஸருக்குப் பிறகு ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்கிற கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டால், அது லஞ்சம் வாங்கியதாகுமா?" பொறியியல் முடித்தவன். கழுத்தில் கான்ட்ராக்டர் கொடுத்த கேட் பாஸ் தொங்கியது. கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை என்பதால் இன்று இதைப் பேசுகிறேன்.

முதலில் கடன் என்ன செய்கிறது என்று பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்கள். கடனுக்காக ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கடன்பட்டவன் பேசும்போது பொய் சொல்லிவிடுகிறான், வாக்குக் கொடுத்தால் மீறிவிடுகிறான் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாக புகாரியில் வருகிறது. கடன் வயிற்றைக் காயப்போடும் என்று அவர்கள் சொல்லவில்லை. நாவைக் கெடுக்கும் என்றார்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருப்பதும், "இந்த மாசம் கட்டிட்டேன் அத்தா" என்று வீட்டில் சொல்வதும் எங்கிருந்து வருகின்றன என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இந்தக் கடன் எப்படி வந்தது? காட்டுப்பள்ளித் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் நம் பெற்றோர் பிள்ளைகளை மெக்கானிக்கலிலும் இ.இ.இ.யிலும் சேர்த்தார்கள். படித்து முடித்தால் கேட்டுக்கு உள்ளே போய்விடலாம் என்று நினைத்தார்கள். பலர் உள்ளே போனார்கள், ஆனால் கான்ட்ராக்டரின் ஆளாக. பட்டம் வாங்கியவனும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவனும் ஒரே ஷிஃப்ட் வேனில் போகிறார்கள்; சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டதாரிக்கு மட்டும் மாதாமாதம் வங்கியிலிருந்து மெசேஜ் வருகிறது.

அதனால் படிப்பே வீண் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பத்ரில் பிடிபட்ட எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு, மதீனாப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே மீட்புத் தொகையாக ஆக்கப்பட்டது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் அது 47. நம் பாட்டிமார் அரபுத் தமிழில் மட்டும் வாசித்தார்கள். பேத்திகள் கல்லூரிக்குப் போகிறார்கள். இதை நான் இழக்கத் தயாரில்லை. கல்விக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு கல்லூரி கேட்கிற கட்டணமும் அந்த மதிப்பும் ஒன்றல்ல. ஏஜென்ட் சொன்னார், கட்டடம் பெரிதாக இருந்தது என்று சேர்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பதினேழு வயதுப் பிள்ளை தனியாகவா இந்தக் கடனை வாங்கினான்? நாலு லட்சம் வரை பிணை இல்லாமல் தரும் திட்டத்திலும் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். வட்டி ஹராம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதை மிம்பரில் சொல்லிவிட்டு, வட்டியில்லாத ஒரு வாசலைக்கூடத் திறக்காமல் இறங்கிப் போவது எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் சுலபம்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சில தீனார்கள் உண்டு, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்றார்கள். நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள், அந்தக் கடன் என் பொறுப்பு என்று முன்வந்த பிறகே தொழவைத்தார்கள். இந்த ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம், பெரும்பாலும் கடனாளியைப் பயமுறுத்துவதற்காக. இதன் தொடர்ச்சியைக் குறைவாகவே கேட்கிறோம். பிற்காலத்தில் வெற்றிகள் கிடைத்து செல்வம் வந்தபோது, கடனோடு இறக்கும் முஃமினின் கடனை அடைப்பது என் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்களே அறிவித்தார்கள். முதலில் ஒரு தோழர் ஏற்றார், பிறகு ஆட்சியே ஏற்றது.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: ஒரே நிலையில் இருக்கும் எல்லோருக்கும், பகிரங்கமாக, அரசு நிதியிலிருந்து தருவதாகச் சொல்லப்படும் நிவாரணம் லஞ்சம் ஆகாது. தேர்தலுக்கு முந்தின இரவு கவரில் வருகிறதே, அதுதான் லஞ்சம்.

ஆனால் வாக்கு ஒரு ஷஹாதத், சாட்சியம் என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். சாட்சி சொல்பவன் விசாரிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளின் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. கூட்டுறவு வங்கிகள் மாநிலத்தின் கையில் இருப்பதால் அது நடந்தது. கல்விக் கடனில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளில் இருக்கிறது. மாநிலம் ஒரு கையெழுத்தில் அதை அழிக்க முடியாது, கஜானாவிலிருந்து பணம் கட்ட வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் கல்விக் கடன் தள்ளுபடி வாக்குறுதியாக வந்தது. உங்கள் மெசேஜ் நின்றுவிட்டதா என்று நீங்களே சொல்லுங்கள். அமெரிக்காவிலும் அதிபர் பைடன் மாணவர் கடன் தள்ளுபடியை அறிவித்தார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்: எந்த நிதியிலிருந்து? எந்த ஆண்டு? யாருக்கெல்லாம்? கேட்கிற உரிமை 21 வயதிலிருந்து 18-க்கு இறக்கப்பட்டது 1988-ல் வந்த 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். நம் பிள்ளைகள் அந்த உரிமையை ஸ்டேட்டஸ் போடுவதில் முடித்துவிடுகிறார்கள்.

இன்னொருவனையும் நினையுங்கள். கையெழுத்துப் போட ஆளில்லாமல் பன்னிரண்டோடு நின்றவன், உங்கள் வேனில் பக்கத்து சீட்டில் இருக்கிறான். அவன் வாங்கும் சோப்புக்குக் கொடுக்கும் வரியும் அந்தத் தள்ளுபடியில் சேரும். உன் கடனை மட்டும் கேட்காதே. அவன் தம்பி கடனில்லாமல் படிக்க அரசுக் கல்லூரியில் இடம் உண்டா என்றும், கான்ட்ராக்ட் வேலை எப்போது நிரந்தரமாகும் என்றும் சேர்த்துக் கேள்.

தள்ளுபடி வரும் என்று நம்பி, வசதியிருந்தும் கட்டாமல் நிறுத்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. முடியாதவனுக்கு நிலைமை சீராகும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது சூரத்துல் பகரா. 2016-ல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, வசூல் நெருக்கடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவர் குடும்பத்தார் சொன்னார்கள். அந்த அளவுக்கு எந்தப் பிள்ளையும் தனியாக நிற்கக் கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஏஜென்ட் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, தொழிற்கல்வி படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகை. அதை நாம் ஏட்டோடு விட்டுவிட்டோம். இந்த ஞாயிறு மஃரிபுக்குப் பிறகு கடன் காகிதங்களைக் கொண்டு வாருங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார், ஜகாத் கமிட்டியாரும் இருப்பார்கள். பெயர்களை வெளியில் சொல்ல மாட்டோம். அத்தாமார்களும் வரவேண்டும். வருவதற்கு முன்னால், "கட்டிட்டியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று மகனிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.