பெருங்களத்தூர் ரோவர்

1985-ல் இந்தியாவின் அழகான கார் எது என்று யாராவது கேட்டிருந்தால், நான் பெருங்களத்தூரைத்தான் கைகாட்டியிருப்பேன். பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்ரீராம் கேட்வே என்று இன்றைக்கு ஐ.டி. கட்டடங்கள் எழும்பி நிற்கிற இடத்தில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. வேன்கார்டில் ஆரம்பித்து ஹெரால்டு, கெஸல் என்று வரிசையாகக் கார் செய்த கம்பெனி அது. எழுபதுகளின் பிற்பகுதியில் கார் செய்வதை விட்டுவிட்டு வேன் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு திடீரென்று ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் அந்த அழகான காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1976-ல் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டத்தை வாங்கியது. ஃபெராரி டேடோனாவின் சாயல் மூக்கில் அப்பட்டமாகத் தெரியும். அங்கே அதற்கு மூன்றரை லிட்டர் வி8 எஞ்ஜின், 155 குதிரைசக்தி. போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் துரத்துவதற்கு வைத்திருந்தார்கள். நம் ஊரில் பானெட்டைத் திறந்தால் நாற்பதுகளில் வரையப்பட்ட வேன்கார்ட் எஞ்ஜின் உட்கார்ந்திருக்கும். 1991 சிசி, நாலு சிலிண்டர், 83 குதிரைசக்தி, நாலு கியர். மேடு பள்ளத்துக்காக வண்டியைக் கொஞ்சம் உயர்த்தியும் விட்டார்கள். அதற்கு முன்பே மாருதி வந்துவிட்டது. 1988-க்குள் கதை முடிந்தது. பிறகு இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: ரோவர் உடம்பில் டிராக்டர் எஞ்ஜின்.

அப்படிப்பட்ட ஒன்று, 1986 மாடல், மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. எனக்கு வருவதற்கு முன் முடிச்சூரில் ஒரு வீட்டுக்குள் நின்றிருந்தது. 2015 டிசம்பர் மழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, சீட் வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. நான் வாங்கும்போது கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு பக்கம் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகும். தகரத்தை அறுத்து, புதுத் தகரம் மடித்து, வெல்டு வைத்து, பட்டி போட்டுத் தேய்த்த டிங்கரிங் கதையை இங்கே நீட்ட வேண்டாம். பழைய கார் வைத்திருக்கிற எவருக்கும் அது தெரியும். மற்றவர்களுக்கு அது போரடிக்கும். பக்கத்து வீட்டு அம்மா சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் கிரைண்டரை நிறுத்திவிடுவேன் என்ற ஒப்பந்தத்தின் பேரில் தெருவில் சமாதானம் நிலவியது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உடம்பு சரியான பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. இந்த வண்டியை எதுவாகச் சரிசெய்வது?

பழைய கார்க்காரர்களிடம் கேட்டால் ஒரே பதில்: ஒரிஜினலாக வை. பெருங்களத்தூர் கேட்டைத் தாண்டி வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. இளவட்டங்களிடம் கேட்டால்: வி8-ஐ இறக்கு, அதற்காகவே வரைந்த உடம்பு, அந்த எஞ்ஜின் கச்சிதமாக உட்காரும். இரண்டு பேரும் தங்கள் பேச்சில் நியாயம் இருப்பதாக நம்புகிறார்கள். எனக்கு என்னவோ இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் ஓடுகிறது என்று தோன்றியது. வண்டிக்கு ஒரு நிஜ வடிவம் எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற நினைப்பு. ஒருவருக்கு அது பெருங்களத்தூரில் இருக்கிறது, இன்னொருவருக்கு இங்கிலாந்தில்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்டாண்டர்டில் அசெம்பிளியில் வேலை பார்த்தவர். நடக்கப் போகிற வழியில் போர்ட்டிகோ கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரிஜினலா வைக்கவா என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். "தம்பி, ஒரிஜினல்னு நீங்க சொல்றதே நாங்க மாத்தி மாட்டினதுதானே? உடம்பு ஒருத்தன்து, எஞ்ஜின் இன்னொருத்தன்து. வேற எஞ்ஜின் கையில இல்ல. இருந்தத மாட்டினோம்." அதில் கசப்பு இருந்த மாதிரி எனக்குப் படவில்லை. வாழ்க்கை முழுவதும் இருந்ததை வைத்துச் செய்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அவர் சொன்னது அந்தக் காலத்து இந்தியக் கார்கள் பலவற்றுக்கும் பொருந்தும். 1984-ல் வந்த கான்டெஸா, இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் உடம்பில் அம்பாசடரின் 1489 சிசி எஞ்ஜின். 1985-ல் வந்த பிரிமியர் 118 என்.இ., ஃபியட் குடும்பத்து உடம்பில் நிஸான் எஞ்ஜின். இந்துஸ்தான் மோட்டார்ஸ் பிற்பாடு கான்டெஸாவின் எஞ்ஜினைத் தூக்கிவிட்டு இசுஸு 1.8 லிட்டரைப் போட்டது. அந்தக் கார் மரியாதையோடு ஓடியது அதற்கு அப்புறம்தான். கம்பெனியே செய்தால் புது மாடல், நான் போர்ட்டிகோவில் செய்தால் ஆல்ட்டரேஷன். சட்டத்துக்கு அந்த வேறுபாடு முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி. புக்கில் இருக்கிற விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்துவிட்டது. ஆகவே மூன்றரை லிட்டர் கனவைக் காகிதம் பாதி கொன்றது. மீதிப் பாதியை நானே கொன்றேன், வேறு காரணத்துக்காக.

அதற்கு முன் 'ஒரிஜினல்' கட்சிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்றையும் மாற்றாமல் வைப்பது என்று முடிவெடுத்தாலும் வைக்க முடியாது, ஏனென்றால் பெட்ரோல் மாறிவிட்டது. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு வந்து அடிக்கிற இடத்துக்கு அந்த ஈயம்தான் ஒரு மெல்லிய மெத்தை. 2000-ல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. பழைய ஹெட்டோடு ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டையே தின்றுகொண்டு உள்ளே இறங்கும். அதனால் ஹெட்டைக் குடைந்து கெட்டியான வால்வு சீட் பதிக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் ஹோஸை ஊற வைத்து உதிர்க்கும். ஹோஸ், டயாஃப்ரம், பாக்கிங் எல்லாம் மாற்றியாக வேண்டும். இத்தனையும் செய்தால்தான் வண்டி 1986-ல் இருந்த மாதிரி ஸ்டார்ட் ஆகும். அப்படியே இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற மனிதர்களும் உள்ளுக்குள் எத்தனை ஹோஸ் மாற்றியிருப்பார்களோ என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

அதே பெட்ரோல் ஒரு உபகாரமும் செய்தது. எண்பதுகளில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 87. இன்றைக்கு 91-க்குக் குறைந்து கிடையாது. அதாவது அன்றைக்கு இந்த எஞ்ஜினுக்குக் கொடுக்கப் பயந்த கம்ப்ரெஷனை இன்றைக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். இந்த இடத்தில்தான் என் புத்தி திரும்பியது. டிராக்டர் எஞ்ஜின் என்று ஊரே சிரிக்கிற இந்த எஞ்ஜின் யார்?

டிராக்டரில் இருந்தது உண்மைதான். இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டருக்கு இதே குடும்பத்து எஞ்ஜின்தான் போனது. ஆனால் இதே 1991 சிசி, இரண்டு கார்ப்பரேட்டரோடு, டிரையம்ப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபேக்கே நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன் அந்தக் காரை மணிக்கு 124 மைல் ஓட்டினார். நம் கணக்கில் 200 கிலோமீட்டர். 1962-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இதே பரம்பரை எஞ்ஜினோடு ஓடிய மார்கன் கார், இரண்டு லிட்டர் பிரிவில் ஜெயித்தது. அந்த டி.ஆர்.2 ஆயிரம் கிலோகூட எடை இல்லாத குட்டி வண்டி. ஸ்டாண்டர்ட் 2000 அதைவிட முந்நூறு கிலோவுக்கு மேல் கனம். 83 குதிரையை வைத்துக்கொண்டு அதை இழுக்கச் சொல்லிவிட்டு, முடியவில்லையே என்று சிரித்தோம். இதன் கையில் கொடுக்க வேண்டியதை யாருமே கொடுத்துப் பார்க்கவில்லை. பலர் தூக்கி எறிந்துவிட்டு டீசல் எஞ்ஜின் போட்டுக்கொண்டார்கள். வி8 போடுவதும் ஒரு வகையில் அதுதான், கொஞ்சம் அந்தஸ்தாக.

நான் எஞ்ஜினை மாற்றவில்லை. எஞ்ஜினுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

இந்த எஞ்ஜினில் சிலிண்டர்கள் பிளாக்கோடு சேர்ந்தவை இல்லை. நாலு லைனர் தனித்தனியாக உருவி எடுக்கலாம். சுற்றிலும் நேரே தண்ணீர் நிற்கும். இரண்டிரண்டு லைனருக்கு அடியில் எட்டு என்ற எண் வடிவத்தில் மெல்லிய பாக்கிங் ஒன்று உண்டு. லைனர் உட்கார்ந்த பிறகு அதன் தலை பிளாக்கின் மட்டத்துக்கு மேலே மூன்றிலிருந்து ஐந்து தவ் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைந்தால் கேஸ்கெட்டுக்குப் பிடிமானம் இல்லாமல் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். லைனரும் பிஸ்டனும் பாக்கிங்கும் இங்கிலாந்திலிருந்து தருவித்தேன். அங்கே டி.ஆர். கார் வைத்திருக்கிறவர்கள் ஏராளம் என்பதால் பெருங்களத்தூர் எஞ்ஜினுக்கான சாமான் பெருங்களத்தூரில் இல்லாமல் அங்கே கிடைக்கிறது.

உட்கார வைக்கும் வேலைக்குக் குரோம்பேட்டை லேத் பட்டறையிலிருந்து ஒரு பாய் வந்தார். லைனரை இறக்கி, குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஃபில்லர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். முதல் இரண்டும் நாலு. மூன்றாவது இரண்டிலேயே நின்றது. "இது உக்காரல சார், தொங்குது" என்றார். தொங்கினால் உயரமாகத்தானே நிற்க வேண்டும் என்று நான் கேட்க, பதில் சொல்லாமல் உருவி எடுத்து, டார்ச்சை பிளாக்குக்குள் அடித்துக் காட்டினார். விளிம்பில் ஒரு பக்கம் பழைய துரு செதில், நகத்தால் சுரண்டினால் வருகிற அளவு. லைனர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாங்கள் அளந்த பக்கம் தாழ்ந்திருந்தது. சுரண்டி, ஆயில் ஸ்டோனால் தேய்த்து, மறுபடி இறக்கினார். நாலு. அந்தச் சின்னச் சத்தத்தோடு தகடு நுழைந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த வி8-ம் தந்திருக்காது என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் சொல்கிறேன்.

ஹெட்டைக் கொஞ்சம் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்றினோம். டி.ஆர்.2-ல் இருந்த மாதிரி இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் டியூப் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்ப்பரேட்டர் வாயில். இரண்டிலும் சீறல் ஒரே சுருதியில் கேட்கும்வரை திருக வேண்டும். கார்ப்பரேட்டர் எத்தனை என்று ஆர்.சி. புக்கில் எங்கும் எழுதியிருக்காது. அதனால் இது மாற்றமே இல்லை என்று வக்கீல் மாதிரி நான் வாதாட மாட்டேன். 2021-ல் வந்த வின்டேஜ் விதியின்படி ஐம்பது வருஷம் ஆன, பெரிதாக மாற்றாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. என் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2036-ல். அப்போது பார்க்க வருகிற அதிகாரி இரண்டாவது கார்ப்பரேட்டரைப் பார்த்து முகம் சுளித்தால், கழற்றி வைத்திருக்கிற பழைய மேனிஃபோல்டை மாட்டிவிட அரை நாள் போதும்.

பெரியவரை உட்கார வைத்து வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஓட்டினேன். மூன்றாவது கியரில் இழுத்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது போட்டதும், "எங்க காலத்துல இப்படி இழுக்கல" என்றார். சாதாரண ஸ்விஃப்ட் ஒன்று எங்களைச் சுலபமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது; அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இப்போது சண்டை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. என் பெண் எஞ்ஜினீயரிங் படிக்கிறாள். அங்கீகாரம் பெற்ற எலெக்ட்ரிக் கிட் பொருத்துவதற்கு விதியில் இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, நீங்க ரெண்டு கார்ப்பரேட்டர் போட்டா அது மரியாதை. நான் மோட்டார் போட்டா அவமரியாதையா?" என்று கேட்டாள். இந்த எஞ்ஜினுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்று நான் சொன்னதற்கு, "கொடுத்தாச்சுல்ல, இப்ப வண்டிக்கு ஒண்ணு குடுங்க" என்கிறாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் டிக்கியைத் திறந்து டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். பேட்டரி எங்கே வைப்பாய் என்றேன். பெட்ரோல் டேங்க் இருக்கிற இடத்தில் பாதி, ஸ்டெப்னி குழியில் மீதி என்றாள். மொத்த எடை எவ்வளவு வரும் என்று கேட்டேன். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றாள்.