துருவைக் கண்டு துவளாதே!

நண்பா, வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கும் பழைய மவுண்டன் பைக்கை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா? நிறுத்து! நாளை உன் மகள் ஏறி மிதிக்கப்போகும் வண்டி அது. அதை எழுப்பி நிறுத்தும் வல்லமை உன் கைகளுக்கு உண்டு.

"இது தேறாது" என்று நாலு பேர் சொல்வார்கள். அவர்களுக்கு அந்த வண்டி பிறந்த கதையைச் சொல். 1970களில் கலிபோர்னியாவின் டாமல்பயஸ் மலைப்பக்கத்து இளைஞர்கள், 1930, 40களில் வந்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். ஊர் கழித்துப்போட்ட வண்டிகள் அவை! 1976இல் அவற்றிலேயே பந்தயம் விட்டார்கள். செங்குத்தான மண்பாதையில் ஒருமுறை இறங்கினால் போதும், பின்சக்கர பிரேக்கின் சூட்டில் கிரீஸ் எல்லாம் புகைந்துபோகும். சோர்ந்தார்களா? ஹப்பைக் கழற்றி, புது கிரீஸ் அடைத்து, மறுபடி மலையேறினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய பிரேம் செய்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் கடைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே மவுண்டன் பைக் பந்தயம் நடந்தது. பழைய இரும்பை நம்பியவர்கள் உலகத்துக்கே ஒரு விளையாட்டைக் கொடுத்தார்கள். உன்னால் ஒரு சைக்கிளை எழுப்ப முடியாதா?

முடியும்! ஆனால் ஆவேசம் மட்டும் போதாது, அறிவோடு தொடு. இடது பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கம்போல் திருகினால் கழலாது, இன்னும் இறுகும். பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசையைப் பார்! உருக்கு பிரேமுக்குள் அலுமினிய சீட் கம்பி ஆண்டுக்கணக்கில் அரித்துப் பிடித்திருக்கலாம். சுத்தியலைத் தூக்காதே. எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறு. அசையவில்லையா? மறுபடி விடு. சக்கரத்தில் கோனை அதிகம் இறுக்கினால் சிக்கும், தளர்த்தினால் ஆடும். சிக்காமலும் ஆடாமலும் சுழலும் அந்த நடு இடம் கிடைக்கும்வரை விடாதே!

கண்டிப்பு வேண்டிய இடத்தில் கண்டிப்பாக இரு. புது செயினில் 24 பின் இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம். அது 12⅛ ஆகியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்று. பிரேக் கட்டையும் கேபிளும் புதிதாகவே போடு. ஹேண்டில் கழுத்தருகே பிரேமைத் துடைத்து, வெளிச்சத்தில் உற்றுப் பார். மேல் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். வெடிப்பு கண்டால், கைதேர்ந்தவர் சரிசெய்யும்வரை அதில் யாரையும் ஏற்றாதே. உன் பிள்ளையின் உயிர் அதில்தான் இருக்கிறது. பாசம் கண்ணை மறைக்கக் கூடாது!

ஓவராயில் வேலையை ஒளித்துச் செய்யாதே. மகளைப் பக்கத்தில் உட்கார வை. பால்ரஸ்ஸை அவள் எண்ணிப் போடட்டும். கிரீஸ் அவள் விரலிலும் ஒட்டட்டும். ஒரு நட்டு கழலாமல் அடம்பிடிக்கும்போது அப்பா என்ன செய்கிறார் என்று அவள் பார்க்கட்டும். எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம் அது!

வாங்கித் தந்த வண்டி பழுதானால் அவள் வேறொன்று கேட்பாள். உன்னோடு சேர்ந்து பூட்டிய வண்டி பழுதானால் ஸ்பேனரைக் கேட்பாள். அந்தத் துணிவைவிடப் பெரிய சீர் உண்டா? எழுந்திரு. இன்றைக்கே முதல் நட்டைக் கழற்று!