கடன்பட்டவர்கள்

1969இல் கொலின் புளன்ஸ்டோனின் குரல் ஓரிடத்திலும் அவருடைய குழுவின் பெயர் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்தன. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள் ஐந்து பேரின் ஸொம்பீஸ் குழு 1967 டிசம்பரிலேயே கலைந்துவிட்டது. புளன்ஸ்டோன் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலைக்குப் போனார். மறுபடி பாட அழைத்தபோது, நீல் மக்கார்தர் என்று ஓர் இட்டுக்கட்டிய பெயரை வைத்துக்கொண்டு, தன் குழுவின் முதல் வெற்றிப் பாட்டான 'ஷீஸ் நொட் தெயர்' பாட்டையே திரும்பப் பாடி வெளியிட்டார். அதே நாட்களில் அமெரிக்காவில் ஸொம்பீஸின் 'டைம் ஒஃப் த சீசன்' 3ஆம் இடம் வரை ஏறியது. பார்க்கச் சனம் தயார், குழுதான் இல்லை. ஏற்பாட்டாளர்கள் வேறு பையன்களைப் பிடித்து அந்தப் பெயரில் ஊர் ஊராக மேடையேற்றினார்கள். டெக்சாஸிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தில் டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும் இருந்தார்கள். பின்னாளில் ஸீஸீ டொப் குழுவால் உலகப் புகழ் பெற்ற அதே இருவர்.

ஆக, உண்மையான குரல் பொய்ப்பெயரில் பாடியது. உண்மையான பெயரில் பொய்க்குழு பாடியது. அந்த அமெரிக்கக் கூடங்களில் கைதட்டியவர்கள் கேட்டது யாரை?

இந்தக் கேள்வி என்னை விட்டுப் போனதேயில்லை. எங்கள் அய்யா கொக்குவிலில் சைவ சித்தாந்த வகுப்புகளுக்குப் போய்வந்தவர். உடம்பு மாறும், உயிர் மாறாது, அது சார்ந்ததன் வண்ணமாகும் என்பதில் அவருக்கு மறுபேச்சு இல்லை. பள்ளிக்கூடப் படத்தில் அரைக்காற்சட்டையோடு நிற்பவரும் கடைசிக் காலத்தில் கட்டிலில் கிடந்தவரும் ஒரே ஆள்தான் என்பது அவருக்கு வெளிப்படை. ஒரு மனிதரைப் பொறுத்தவரை அந்தப் பதில் எனக்கும் போதும். ஆனால் குழுவுக்கு உயிர் ஏது? ஆட்களும் வாத்தியங்களும் பாட்டுகளும் சேர்ந்த சேர்க்கைக்குப் பெயர்தானே குழு? நாற்பது வருஷம் கழித்து நரைத்த தலையோடு வந்து நிற்பவர்களை எந்த உரிமையில் 'அதே குழு' என்கிறோம்?

2008 மார்ச்சில், லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கின் மாடியில் அண்ணையும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருந்தோம். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையைக் கேட்டு எனக்கு இந்தப் பாட்டுகளை அறிமுகப்படுத்தியவர் அண்ணைதான். ஸொம்பீஸ் என்ற பெயரில் ஆட்கள் மேடைக்கு வந்ததும் அவர் என் காதோடு கேட்டார்: "உவை அதே ஆக்கள்தானோ? இல்லாட்டி பேரை வச்சுப் பிழைக்கிற ஆக்களோ?"

அன்று அவர்கள் 'ஒடிஸி அண்ட் ஒராக்கிள்' இசைத்தட்டை முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வாசித்தார்கள். நாற்பதாம் ஆண்டு நிறைவு என்றுதான் விளம்பரம். ஆனால் அங்கே அவர்கள் வாசித்த மூன்று இரவுகள்தான் அதன் அரங்கேற்றமே. 1967இல் அபி ரோட், ஒலிம்பிக் ஒலிப்பதிவுக்கூடங்களில் ஏறக்குறைய 1,000 பவுணைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பதிந்தார்கள். ஸ்டீரியோவிலும் வேண்டும் என்று கம்பனி கேட்டபோது காசு முடிந்திருந்தது. பாட்டுகளை எழுதிய ரொட் ஆர்ஜன்ட்டும் கிறிஸ் வைட்டும் தங்கள் கைக்காசைப் போட்டார்கள். 1968 ஏப்ரலில் தட்டு கடைக்கு வந்தபோது குழுவே இல்லை. முழுத்தட்டு மேடையேறாமலே கிடந்தது.

இரண்டாவது பாட்டு 'எ ரோஸ் ஃபோர் எமிலி'. பியானோவும் குரல்களும்தான், முரசு கிடையாது, கித்தார் கிடையாது; பாடகர் ஒளிந்துகொள்ள இடமில்லை. புளன்ஸ்டோனுக்கு அப்போது 62 வயது. சுருதியை இறக்கவில்லை. மேலே ஏறவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒலிவாங்கித் தண்டைப் பிடித்த அவருடைய கை இறுகியது. குரல் ஏறியபிறகுதான் விரல்கள் தளர்ந்தன. இருபத்திரண்டு வயதுக் குரலில் ஒரு மெல்லிய மூச்சுப்படலம் இருக்கும். அது இப்போதும் இருந்தது, அடியில் கொஞ்சம் சொரசொரப்போடு. அழகு குறைந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

'டைம் ஒஃப் த சீசன்' கடைசிப் பாட்டு. பதிவின்போது ஆர்ஜன்ட் மெட்டைத் திருத்தித் திருத்திச் சொல்ல, புளன்ஸ்டோன் பொறுமையிழந்து, அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு என்று கத்தினாராம். பாடகன் நீதான், நீதான் பாடவேண்டும் என்று ஆர்ஜன்ட் விடாப்பிடியாக நின்றிருக்கிறார். இருவருமே பிறகு பலமுறை சொன்ன கதை அது. அன்றிரவு புளன்ஸ்டோன் அதைப் பாடும்போது ஆர்ஜன்ட் கட்டைகளிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டெக்சாஸ் பையன்கள் இந்தப் பாட்டை இதைவிட நன்றாகவே வாசித்திருக்கலாம். ஆனால் இந்தச் சண்டையைச் சமாதானமாக்க அவர்களால் முடியாது. அது அவர்களுடைய சண்டை அல்ல.

மிலிந்த பன்ஹா என்ற பௌத்த நூலை நான் லண்டனுக்கு வந்தபிறகுதான் வாசித்தேன். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசிக்கொள்வதாக எழுதப்பட்டது. தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று நாகசேனர் அரசனை மடக்கும் இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய மாங்காய்க் கள்ளன் கதை. ஒருவன் அடுத்தவன் மரத்து மாங்காய்களைப் பறித்துவிட்டு, நீ நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு, ஆகவே நான் குற்றவாளி அல்ல என்கிறான். அரசன் விடுவானா? இது அதிலிருந்துதானே வந்தது என்கிறான். அவ்வளவுதான் நாகசேனருக்கு வேண்டியது. மாறாத ஒன்று உள்ளே இருந்தாகவேண்டியதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று வந்திருந்தால் போதும், கணக்கு தொடரும்.

அங்கே அந்தக் கணக்கு தண்டனைக்கு. ஆனால் நல்ல கடனும் அதே வழியில்தான் தொடரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செய்யாமல் விட்டதை வந்து செய்யவேண்டியவர் யாரோ, அவர்தான் 'அவர்'. அந்தத் தட்டைப் பாடாமல் விட்டவர்கள் இவர்கள். எனவே பாடித் தீர்க்கவேண்டியவர்களும் இவர்களே. முகமும் குரலும் எவ்வளவு மாறியிருந்தாலும் அது வேறு யார் தலையிலும் விழாது. அய்யா இருந்திருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். உயிரில்லாமல் வினை யாரைச் சேரும் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.

ஐவரில் ஒருவர் அன்று மேடையில் இல்லை. முதல் கித்தார்க் கலைஞர் போல் அட்கின்சன் 2004இல் இறந்துவிட்டார். அவருடைய பகுதியை வேறொருவர் வாசித்தார். அவரை நான் போலி என்று சொல்லமாட்டேன். 1969இன் பையன்கள் செய்ததும் இதே வேலைதான், இடைவெளியை நிரப்புவது. ஆனால் இவர் அட்கின்சனாக நடிக்கவில்லை. கடன்பட்டவர்கள் கூப்பிட்டுத் தோள்கொடுக்க வந்தவர். கொள்ளிவைக்க மகன் இல்லாத வீட்டில் மருமகன் வைக்கிறார். அதனால் அவரை மகனென்று யாரும் ஏமாறுவதில்லை, காரியமும் நிற்பதில்லை.

அண்ணை இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. 2024இல் பக்கவாதம் வந்து ஆர்ஜன்ட் இசைப்பயணங்களை நிறுத்திய செய்தியை வாசித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் எடுத்தார். "சரி தங்கச்சி, நீ சொல்லுற கடன் 2008லயே தீர்ந்துபோச்சு. அப்ப அதுக்குப் பிறகு பாடினது ஆர்?"

கடனில்லாமலும் பாடலாம், அண்ணை, என்றேன். அது பதிலாகாது என்றார் அவர். இந்த வாரக்கடைசியில் வந்து மிச்சத்தைப் பேசப்போகிறாராம். மிலிந்த பன்ஹாவை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.