இரு வீட்டுக்கு ஒரு சுவர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது முன்னோர் வாக்கு. இரண்டும் மனிதனின் பொருளையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும் என்பது அதன் கருத்து. இன்றைய நகரவாசியோ வீட்டைக் கட்டிப் பார்ப்பதில்லை. கட்டி முடித்த வீட்டை வாங்கிப் பார்க்கிறான். வாங்குமுன் அவன் கேட்கும் கேள்விகள் பல. விலை என்ன? அறைகள் எத்தனை? பள்ளி எவ்வளவு தொலைவு? மழைக்காலத்தில் வெள்ளம் ஏறுமா? இவை யாவும் முறையான கேள்விகளே. இவற்றோடு, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்றும் உண்டு. "பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் யார்?" அறநோக்கில் ஆராயத்தக்கது இக்கேள்வியே.

மலேசிய நகரங்களில் நடுத்தரக் குடும்பம் வாங்க விழையும் வீடு பெரும்பாலும் தொடர்வீடாகும். 20 அல்லது 22 அடி அகல மனைகளில், ஒன்றன் தோளை ஒன்று பற்றியவாறு அவ்வீடுகள் நிற்கின்றன. நடுவில் உள்ள வீட்டின் இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் அயல்வீட்டுக்கும் உரியவை. வாசலில் ஓடும் கால்வாய் அவ்வரிசை முழுமைக்கும் பொது. ஒரு வீட்டார் எறியும் குப்பை மறுவீட்டு வாசலில் நீரைத் தேக்குகிறது. ஒரு வீட்டில் அறையும் ஆணி மறுவீட்டில் உறங்கும் குழந்தையை எழுப்புகிறது. ஆகவே, 'என் வீடு' என்னும் சொல் தொடர்வீட்டில் பாதி உண்மையே.

பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு 1950களின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த நகர் அது. 2006ஆம் ஆண்டு மாநகர் எனும் தகுதியை எய்தியது. பால்மரம் நின்ற மண்ணில் இன்று வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதன் அமைதியான தெருக்களில் ஒரு வீட்டு வாயிலில் சிவப்பு மாடமும் ஊதுவத்தியும். மறுவீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். மாலையில் எல்லார் காதிலும் விழும் பாங்கொலி.

தோட்டத் தமிழருக்குத் தொடர்வீடு புதியதன்று. லயமும் ஒரு தொடர்வீடே. ஆனால், லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலையோடு போனது. தோட்டம் கைமாறி நகராக மாறியபோது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களோடு வெளியேற நேர்ந்தது. அத்தகைய குடும்பத்தின் பேரனோ பேத்தியோ ஊழியர் சேமநிதியிலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் பணம் திரட்டித் தம் பெயரில் ஒரு நிலப்பட்டா பெறுவது வீண்பெருமையாகாது. 'இனி எவரும் வெளியேறச் சொல்ல முடியாது' என்னும் ஆறுதலுக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. அந்த ஆசையைக் குறைகூறுவோர் வரலாறு அறியாதவர்.

ஆயினும், சாவி கைக்கு வந்தவுடன் மனம் மாறுவதையும் காண்கிறோம். 'இன்ன இனத்தாருக்கு மட்டும்' என்னும் வாடகை விளம்பரங்களால் மனம் புண்பட்ட தமிழர் பலர். தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே 'வீடு போய்விட்டது' என்ற மறுமொழியைக் கேட்டவர்கள் அவர்கள். அந்தப் புண்ணைச் சுமந்தவரே, சொந்த வீடு வாங்கும் நாளில் "பக்கத்தில் யார்?" என்று கேட்டு, விடைக்கேற்ப முகம் சுளித்தால், அநீதி அழியவில்லை, ஆள் மாறியது, அவ்வளவே. தனக்கு இழைக்கப்பட்டபோது அநீதியாகத் தோன்றியது, தான் இழைக்கும்போது முன்னெச்சரிக்கையாகத் தோன்றுமாயின், அதற்குப் பெயர் நியாயமாகாது.

இதற்கு ஒரு மறுப்புண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. தமிழர் பல தாமான்களில் சிதறி வாழ்ந்தால் தமிழ்ப்பள்ளி தொலைவாகும், கோயில் தொலைவாகும், பிள்ளைகளின் நாவில் தமிழ் மெலியும் என்பர். தோட்டங்கள் காலியானபோது தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைந்ததை எவரும் மறுக்க முடியாது. ஆனால், தன் இனத்தார் அருகில் வாழ்வதை விரும்புவது வேறு. பிற இனத்தார் அருகில் வாழ்வதை வெறுப்பது வேறு. முன்னது அன்பு, பின்னது அச்சம். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் நடுவில் வாழ்ந்தும் அனுப்புகின்றனர். அனுப்பாதவர், தமிழர் சூழ வாழ்ந்தும் அனுப்புவதில்லை. மொழியைக் காப்பது வீட்டினுள் நிகழும் உரையாடல்; அதனைப் பக்கத்துச் சுவர் தடுப்பதில்லை.

மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்துவது இப்பகுதிக்குப் பழையது. ராபிள்ஸ் 1822ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வகுத்த நகர்த்திட்டம், சீனருக்கு ஒரு பகுதி, சூலியர் எனப்பட்ட தென்னிந்தியருக்கு ஒரு பகுதி, ஐரோப்பியருக்கு ஒரு பகுதி என ஒதுக்கியது. வியப்பு யாதெனில், அதே ராபிள்ஸ்தான், தெருவோரக் கட்டடம் ஒவ்வொன்றின் முன்பும் கூரையிட்ட தாழ்வாரம் ஒன்று எந்நேரமும் வழிப்போக்கருக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் பணித்தார். ஐந்தடி நடைபாதை அவ்வாறு பிறந்தது. தன் மனையில் சில அடியை, முன்பின் அறியாதவன் மழைக்கு ஒதுங்க விட்டுக்கொடுத்தவனே அத்தெருவில் வீட்டுக்காரன் ஆனான்.

பின்னாளில் சிங்கப்பூர் அரசு எதிர்வழியில் சென்றது. 1989ஆம் ஆண்டு முதல், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்ச விகிதம் வகுத்து மக்களைக் கலந்து வாழச் செய்தது. இரண்டு திட்டங்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. மக்களைப் பிரித்து வைக்கவும் அருகருகே குடியேற்றவும் அரசால் இயலும். அருகில் இருப்பவரை அயலாராக்குவது அரசால் இயலாது. அது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் செய்ய வேண்டிய வேலை.

'அமைதியான இடம்' என்று விற்பனை விளம்பரங்கள் புகழ்கின்றன. அமைதி இருவகைப்படும். எல்லாரும் வாயிற்கதவைப் பூட்டிக்கொள்வதால் வருவது ஒன்று. பிறர் தொழும் வேளையில் வானொலியைத் தணிப்பதாலும், சீனப் பெருநாள் வெடியோசையைப் பொறுத்துக்கொள்வதாலும், தைப்பூச நாளில் உறுமி ஒலிக்குமென அயலாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதாலும் வருவது மற்றொன்று. முதல் வகை அமைதியில், தனித்து வாழும் முதியவர் குளியலறையில் விழுந்தால் கேட்பாரில்லை. இரண்டாம் வகையில், விழுந்த ஓசை சுவரைக் கடந்து ஒரு மனிதனை எழுப்பும்.

மலேசியாவில் 2013ஆம் ஆண்டு முதல் வீட்டுக் கடனுக்கு 35 ஆண்டு உச்ச வரம்பாக உள்ளது. வங்கியோடு அத்தனை ஆண்டு பிணைப்புக்குப் பக்கம் பக்கமாகப் பத்திரம் எழுதப்படுகிறது. வீட்டை விரித்துக் கட்ட ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். ஆனால், அதே 35 ஆண்டு ஒரே சுவரைப் பகிர்ந்து வாழப்போகும் குடும்பத்தோடு எந்தப் பத்திரமும் இல்லை. எழுதப்படாததால் அக்கடமை இல்லாமற் போவதில்லை. எழுதப்படாத கடமையை அறம் என்கிறோம்.

வீடு பார்க்க வருகிறவன் சன்னல் வழியே அயல்வீட்டை நோக்கும்போது, அங்கிருப்பவரும் இவனை நோக்குகின்றனர். அவர்கள் மனத்திலும் அதே கேள்வி எழுகிறது: "வரப்போகிறவர் யார்?" முதற் கேள்விக்கான விடை வாங்குபவன் கையில் இல்லை, அயலாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எந்த விற்பனைப் பத்திரமும் தருவதில்லை. இரண்டாம் கேள்விக்கான விடை முழுவதும் அவன் கையில் உள்ளது. நல்ல அயலாரைத் தேடுபவன் ஊரெல்லாம் அலைவான். நல்ல அயலாராகத் துணிந்தவன் எந்தத் தெருவிலும் வீடு வாங்கலாம்.