கூலியும் தூய்மையும்

கலையாயினும் விளையாட்டாயினும், அதற்கு ஊதியம் பெறுபவன் அதன் தூய்மையைக் கெடுத்துவிடுகின்றானா? கூலிக்குச் செய்யப்படும் தொழில் உள்ளத்தைத் தாழ்த்தும் என்று அரிஸ்டோட்டில் கருதினார். அக்கருத்தின் நிழல் இருபதாம் நூற்றாண்டின் விளையாட்டரங்கிலும் படிந்திருந்தது. அதற்கு இரையானவர் ஜிம் தோர்ப்.

ஐக்கிய அமெரிக்காவின் பழங்குடி மக்களுள் ஒருவரான தோர்ப், 1912 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்நிகழ்ச்சி, பத்துநிகழ்ச்சி என்னும் இரு போட்டிகளிலும் முதலிடம் பெற்றார். பின்னாளில் பேஸ்போலிலும் அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் முதன்மைநிலை ஆட்டக்காரராய் விளங்கினார். எனினும், 1909, 1910 ஆம் ஆண்டுகளில் அவர் சிறு ஊதியத்துக்குப் பேஸ்போல் ஆடிய செய்தி 1913 இல் வெளிவந்தது. விளையாட்டினாற் பணம் பெற்றவர் ஒலிம்பிக்கிற் பங்குபற்றலாகாது என்ற அமெச்சூர் விதியின்படி பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

விதியை ஆதரிப்போர் கூறும் நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவனோடு ஓய்வுநேரத்தில் ஆடுபவனை மோதவிடுதல் நீதியாகுமா என்பர். ஆனால், தோர்ப் ஊதியம் பெற்றது பேஸ்போலுக்கு. வென்றதோ ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் எறிதலிலும். ஒன்றிற் பெற்ற பணம் மற்றொன்றில் என்ன அனுகூலத்தைத் தந்திருக்கும்? அதே விழாவில் நவீன ஐந்நிகழ்ச்சிப் போட்டியில் ஐந்தாமிடம் பெற்ற ஜோர்ஜ் பற்றன், சம்பளம் பெறும் இராணுவ அதிகாரி. குதிரையேற்றமும் வாட்போரும் துப்பாக்கி சுடுதலும் அவரது தொழிலோடு ஒட்டியவை. ஆயினும் அவர் அமெச்சூராகவே ஏற்கப்பட்டார். ஆகவே விதி அளந்தது அனுகூலத்தையன்று, அந்தஸ்தையே.

விதி விதியே, அறியாமை அதற்கு விலக்காகாது எனலாம். அவ்வாறாயின், ஆட்சேபனைகள் முப்பது நாட்களுக்குள் எழுப்பப்படவேண்டும் என்பதும் அவ்விழாவின் விதியே. ஆடுபவனைக் கட்டும் விதி தீர்ப்பளிப்பவனைக் கட்டாதெனின், அது விதியன்று, வெறும் அதிகாரமே.

தோர்ப் 1953 இல் மறைந்தார். 1982 இல் அவர் இணை வெற்றியாளராக்கப்பட்டார். 2022 இலேயே தனி வெற்றியாளராக ஏற்கப்பட்டார். பத்துநிகழ்ச்சியில் இரண்டாமிடம் பெற்ற சுவீடனின் ஹியூகோ வீஸ்லாண்டர், தமக்கு ஒதுக்கப்பட்ட பொற்பதக்கத்தை ஒருபோதும் தமதென ஏற்றதில்லை. சபைகள் காண நூறாண்டுக்கு மேற் சென்ற உண்மையை, தோற்ற மனிதர் ஒருவர் தம் வாழ்நாளிலேயே கண்டிருந்தார்.

பயன் கருதாப் பணி உயர்ந்ததே. ஆனால், பயன் கருதாதிருப்பதற்கும் வசதி வேண்டும். பிறரது தூய்மையை அளக்க முற்படுமுன், அத்தூய்மைக்கான செலவை ஏற்றவர் யார் என வினவுதல், கற்கும் வாய்ப்புப் பெற்ற நம் அனைவரதும் கடனாகும்.